மருந்தண்ணனின் வகுபடாத நம்பர்

மருந்தண்ணன் எந்த வீட்டுக்குள் போனாலும் அங்கே அவர் மருந்தண்ணனாக இருக்க முடியாது. ஒரு வீட்டில் ஃபேன் ரிப்பேர்காரர், அடுத்த வீட்டில் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட், இன்னொரு வீட்டில் அடுப்பு பார்க்க வந்தவர். வீட்டில் மூட்டைப்பூச்சி இருக்கிறது என்று ஒப்புக்கொள்வதைவிட பேய் இருக்கிறது என்று சொல்வது மேல் என்று நினைக்கிற ஜனங்கள். பேய் என்றால் நாலு பேர் வந்து உட்கார்ந்து கதை கேட்பார்கள். மூட்டைப்பூச்சி என்றால் வந்தவர்கள் உட்காரவே மாட்டார்கள்.

ஒருமுறை ஒரு மாடி வீட்டம்மா அவருக்குக் கதவைத் திறந்த அதே நேரத்தில் எதிர் வீட்டுக் கதவும் திறந்தது. அந்தம்மா பதறிப்போய், "வாங்க சித்தப்பா! பிரயாணமெல்லாம் சௌகரியமா இருந்துச்சா?" என்று கேட்டுவிட்டார். மருந்தண்ணனும் சளைக்கவில்லை. "ஏதோ வந்து சேர்ந்தேம்மா," என்றார். எதிர் வீட்டுக்காரர் அவர் முதுகில் இருந்த மருந்து டப்பாவையும் அதிலிருந்து தொங்கிய குழாயையும் ஏற இறங்கப் பார்த்தார். "சித்தப்பாவுக்கு மூச்சிரைப்பு," என்றார் வீட்டம்மா. அதற்காக மருந்தண்ணன் நாலு தடவை இருமிவிட்டுத்தான் உள்ளே போனார்.

இருமுவதில்கூட அவருக்கு வருத்தமில்லை. வருத்தமெல்லாம் வண்டியைப் பற்றித்தான். போனில் பேசுகிறவர்கள் எல்லோரும் கட்டில் எத்தனை, சோபா எத்தனை என்று சொல்லி முடித்துவிட்டு, கடைசியில் குரலைத் தாழ்த்தி ஒன்று சொல்வார்கள்: "வண்டிய மட்டும் அடுத்த தெருவுல நிறுத்திடுங்களேன்." அவர் ஆசை ஆசையாக வாங்கிய வண்டி அது. இரண்டு பக்கமும் நாய் அளவுக்கு ஒரு மூட்டைப்பூச்சிப் படம். வரைந்த ஓவியர் மூட்டைப்பூச்சியைக் கிட்டத்தில் பார்த்ததில்லை போலிருக்கிறது. அதற்குக் கண்ணிமை முடியெல்லாம் வைத்து, லேசாகச் சிரிக்கவும் விட்டிருந்தார். அதற்குக் கீழே சிவப்புப் பெயின்ட்டில் போன் நம்பர். 73939133.

அந்த நம்பரை வாங்கி வந்த நாளில் மருந்தண்ணனின் மனைவி அவரோடு பேசவில்லை. போனை எடுத்துப் பேசுவது, யார் வீட்டுக்கு எப்போது போவது என்று முடிவு செய்வது, எந்த வீட்டில் யாராக நடிக்க வேண்டும் என்று சொல்லி அனுப்புவது எல்லாம் அந்த அம்மாள்தான். "ஊர்ல எலி மருந்துக்காரன்லாம் எட்டு ரெண்டு, எட்டு அஞ்சுன்னு வாங்கி வச்சிருக்கான். நீங்க போயி வாயில நுழையாத நம்பரா வாங்கிட்டு வந்திருக்கீங்க. உடம்பெல்லாம் சொறிஞ்சிக்கிட்டு இருக்கறவனுக்கு இது ஞாபகம் இருக்குமா?" என்று மறுநாள் கேட்டார். பிறகு அவரே அதை இரண்டிரண்டாக வெட்டி, எழுபத்துமூணு தொண்ணூத்திமூணு தொண்ணூத்தொண்ணு முப்பத்துமூணு என்று ரயில் ஓடுகிற மாதிரி சொல்லப் பழகிக்கொண்டார்.

வண்டியின் பின்கதவில் மட்டும் பெயின்ட் இல்லை. அங்கே ஒட்டுத்தாள் எண்கள். அவற்றைக் கடையில் பூஜ்யத்திலிருந்து ஒன்பது வரை ஒரு கட்டாகத்தான் விற்பார்கள். இந்த நம்பரிலோ நாலு மூன்று. ஆகவே நாலு கட்டு வாங்கவேண்டி வந்தது. மிஞ்சிய எண்களை வீணாக்க மனமில்லாமல் அந்த அம்மாள் வீட்டில் ஒட்டித் தீர்த்தார். சர்க்கரை டப்பா ஆறு, உப்பு டப்பா எட்டு, குளியலறைக் கதவு பூஜ்யம்.

வண்டியை ஓட்டுவது அம்மாளின் தம்பி. வேலை முடிந்ததும் மருந்துக் குழாயைச் சுருட்டிப் பின்கதவின் வலது ஓரத்துக் கொக்கியில் மாட்டுவது அவன் வழக்கம். குழாயிலிருந்து மருந்து சொட்டும். அந்த மருந்துக்கு மூட்டைப்பூச்சி சில சமயம் சாகாது. ஆனால் பசை கட்டாயம் செத்துவிடும். அப்படித்தான் கடைசி மூன்று ஒரு நாள் கழன்று விழுந்தது. மச்சினன் போய்க் கடையில் கேட்டான். கட்டாகத்தான் தருவோம் என்றார்கள். "இன்னொரு கட்டா? ஒட்டறதுக்கு வீட்ல இனிமே டப்பா இல்ல," என்று அக்கா தடுத்துவிட்டார். பக்கவாட்டில்தான் முழு நம்பர் இருக்கிறதே என்று எல்லோரும் அப்படியே விட்டார்கள். பிறகு அடுத்த மூன்றும் போயிற்று. அதற்கடுத்த ஒன்றும் போயிற்று.

வண்டி டயர் கடையில் நின்றிருந்த ஒரு காலை நேரத்தில்தான் அந்தப் பெண்மணி வந்து சேர்ந்தார். ஸ்கூட்டருக்கு ஸ்டாண்ட் போடக்கூடப் பொறுமையில்லாமல் டயர் அடுக்கின்மேல் சாய்த்துவிட்டு, தலைக்கவசத்தைக் கழற்றாமலே ஓடிவந்தார். மூச்சு வாங்கியது.

"இந்த வண்டி உங்களோடதா? ரொம்ப நாளா உங்களத் தேடிக்கிட்டு இருக்கேன்."

மருந்தண்ணனுக்கு இது பழக்கமான காட்சி. போன் செய்யக் கூச்சப்பட்டு நேரில் வந்து தவிப்பவர்கள் உண்டு. அவரை ஓரமாக அழைத்துப் போய், டாக்டர் குரலில் கேட்டார்.

"பயப்படாதீங்க மேடம். எத்தனை நாளா இருக்கு?"

"எனக்கா? சின்ன வயசுலேர்ந்தே இருக்கு."

"சின்ன வயசுலேர்ந்தா!" மருந்தண்ணன் தன் அனுபவத்தில் இப்படி ஒன்றைக் கேட்டதில்லை. "சோபாவுலயா, கட்டில்லயா?"

"எங்க உட்கார்ந்தாலும்தான். கட்டில்ல படுத்தா இன்னும் ஜாஸ்தி. அதையே நெனச்சுக்கிட்டு தூக்கமே வராது."

"வராதுதான். வீட்ல மத்தவங்களுக்கு?"

"ஒருத்தருக்கும் இல்ல. எனக்கு மட்டும்தான். நான் இதப் பத்திப் பேச ஆரம்பிச்சாலே எங்கம்மா எழுந்து அடுத்த ரூமுக்குப் போயிடுவாங்க."

"போகத்தான் செய்வாங்க மேடம்."

"ஆனா காலேஜ்ல என் ஸ்டூடன்ட்ஸ் கொஞ்சம் பேருக்கு என்கிட்டேர்ந்து தொத்திக்கிச்சு," என்றார் அவர், முகமெல்லாம் மலர்ந்து. "அதுல எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா!"

மருந்தண்ணன் இரண்டடி பின்னால் போய்விட்டார். டயர் கடைக்காரரும் போனார். அந்தப் பெண்மணி கல்லூரியில் கணக்குப் பேராசிரியை என்பதும், அவர் பேசிக்கொண்டிருந்தது எண்களைப் பற்றி என்பதும் விளங்கி முடிவதற்குள் மச்சினன் ஒருமுறை அவர் ஸ்கூட்டர் சீட்டில் மருந்து அடித்துவிட்டான்.

பேராசிரியைக்கு ஒரு பழக்கம். சாலையில் எந்த எண்ணைப் பார்த்தாலும் மனசுக்குள் அதை வகுத்துப் பார்ப்பார். முதல் தடவை சிக்னலில் இந்த வண்டிக்குப் பின்னால் நின்றபோது கதவில் 7393913 இருந்தது. வீட்டுக்குப் போய்ச் சோதித்தால், அது பகா எண். சரி, நல்ல எண் என்று விட்டுவிட்டார். சில வாரம் கழித்துப் பார்த்தபோது 739391. அதுவும் பகா எண். இப்போது 73939. அதுவும் அப்படியே.

"கடைசி எண் விழுந்துக்கிட்டே இருக்கு, ஆனா மிச்சம் இருக்கறது கெடவே மாட்டேங்குது! முதல்ல என்னவா இருந்துச்சு?"

மச்சினன் வண்டியின் பக்கவாட்டைக் காட்டினான். பேராசிரியை வாய்விட்டுப் படித்தார். படித்து முடித்ததும் அங்கே கிடந்த ஒரு லாரி டயரில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார்.

"அதுவேதான்," என்றார் மெதுவாக. "அதுவேதான்."

"எது மேடம்?"

பேராசிரியை டயர் கடைக்காரரின் தட்டிலிருந்து நட்டுகளை அள்ளிக் கீழே பரப்பினார். பன்னிரண்டு நட்டு இருந்தால் இரண்டு பேருக்குச் சமமாகப் பிரிக்கலாம், மூன்று பேருக்குப் பிரிக்கலாம், நாலு பேருக்கும் பிரிக்கலாம். ஏழு இருந்தால்? யாருக்கும் சமமாகப் பிரிக்க முடியாது; ஒருவரே எடுத்துக்கொள்ளலாம், அல்லது ஏழு பேருக்கு ஆளுக்கொன்று. அப்படி யாருக்கும் மசியாத எண்தான் பகா எண்.

"அந்த நட்டு வேணும்மா, அந்த வண்டிக்காரர் காத்துக்கிட்டு இருக்கார்," என்றார் கடைக்காரர்.

"இருங்க. உங்க நம்பர் பெரிய பகா எண். ஏழு கோடியே முப்பத்தொன்பது லட்சத்து முப்பத்தொன்பதாயிரத்து நூத்தி முப்பத்துமூணு."

"மாமா! நம்மகிட்ட ஏழு கோடி இருக்கு!" என்றான் மச்சினன்.

"அது மட்டும் இல்ல. கடைசி எண்ணை எடுத்துட்டாலும் மிச்சம் பகா எண். இன்னொன்னை எடுத்தாலும் பகா எண். இப்படியே எடுத்துக்கிட்டே போனா கடைசியில ஒத்தை ஏழு நிக்கும். அதுவும் பகா எண். கடைசிவரைக்கும் இப்படித் தாங்கற எண்கள் ரொம்பக் கொஞ்சம். அதுல எல்லாத்தையும்விடப் பெரியது உங்க வண்டியில இருக்கு."

"நாளைக்கு வேற யாராவது இதவிடப் பெருசா வாங்கிட்டா?" என்று மருந்தண்ணன் கேட்டார். எலி மருந்துக்காரரை நினைத்துத்தான் கேட்டார்.

"வாங்கவே முடியாது. கிடையவே கிடையாது. எல்லாத்தையும் தேடிப் பார்த்து முடிச்சாச்சு. ஒவ்வொண்ணா நீட்டிக்கிட்டே போனா இங்க வந்து முட்டிக்கும்."

மருந்தண்ணன் வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்துவந்தார். இத்தனை வருஷமாக அதைச் சந்து பொந்தெல்லாம் ஒளித்து நிறுத்தியிருக்கிறோமே என்று சொல்லிக்கொண்டே பக்கவாட்டு நம்பரைத் துண்டால் துடைத்தார். மச்சினனுக்கு வேறு சந்தேகம்.

"இந்தப் பக்கத்துலேர்ந்து உரிச்சா மேடம்? முதல் ஏழு போச்சுன்னா?"

பேராசிரியை ஒரு நிமிஷம் கண்ணை மூடினார். "பதினொண்ணால வகுபட்டுடும். முதல் அடியிலயே போச்சு."

"அப்போ நான் குழாயை இடது பக்கக் கொக்கியில மாட்டியிருந்தா?"

"யாருக்குமே தெரிஞ்சிருக்காது."

அன்றிலிருந்து மச்சினனைக் கையில் பிடிக்க முடியவில்லை. நம்பர் மாமாவுடையதாக இருக்கலாம். ஆனால் குழாயை எந்தப் பக்கம் மாட்டவேண்டும் என்று தெரிந்தவன் அவன்தான் என்று டீக்கடையில் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான்.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னபோது மனைவி கரண்டியைக் கீழே வைக்காமலே கேட்டார்.

"இதனால மூட்டைப்பூச்சி சாகுமா?"

"சாகாது."

"அப்போ கை கழுவிட்டு சாப்பிட வாங்க."

ஆனால் மறுவாரமே பேராசிரியை போன் செய்தார். மாணவர்களுக்கு அந்த நம்பரைக் காட்ட வேண்டும், வண்டியோடு கல்லூரிக்கு வர முடியுமா என்று கேட்டார். மருந்தண்ணன் பழக்கதோஷத்தில், "வண்டிய எந்தத் தெருவுல நிறுத்தட்டும் மேடம்?" என்றார்.

"தெருவுலயா? காலேஜ் முன்வாசல்லயே கொண்டுவந்து நிறுத்துங்க. எல்லாரும் பார்க்கணும்."

மருந்தண்ணன் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டார். பிறகு மனைவியிடம், "முன்வாசல்லயாம்," என்றார். அந்த அம்மாள் உள்ளே போய், எதற்கென்று தெரியாமல் வருஷக்கணக்கில் மடித்து வைத்திருந்த புதுச் சட்டையை எடுத்து இஸ்திரி போட ஆரம்பித்தார்.

வண்டியைக் கழுவித் துடைத்து முன்வாசலில் நிறுத்தினார்கள். மாணவர்கள் அதைச் சுற்றி நின்று படம் எடுத்தார்கள். மச்சினன் நீளமான அட்டையில் நம்பரை எழுதிப் பிடித்துக்கொள்ள, ஒரு மாணவி வலது ஓரத்திலிருந்து ஒவ்வொரு எண்ணாகக் கத்தரிக்கோலால் வெட்டினாள். ஒவ்வொரு வெட்டுக்கும் எல்லோரும் கை தட்டினார்கள். கடைசியில் மிஞ்சிய ஏழு என்ற துண்டை மருந்தண்ணன் உயர்த்திக் காட்டினார். வாழ்க்கையில் அவருக்குக் கிடைத்த முதல் கைதட்டல் அது. இரண்டாவது தடவையும் உயர்த்திக் காட்டினார்.

சாலையில் போன ஜனங்கள் பார்த்ததோ வேறு. கல்லூரி முன்வாசலில் மூட்டைப்பூச்சி வண்டி. சுற்றிலும் கூட்டம். பதற்றமாகப் படம் எடுக்கிறார்கள். வேறென்ன வேண்டும்? மதியத்துக்குள் கல்லூரி விடுதியில் மூட்டைப்பூச்சி என்று ஊரெல்லாம் பேச்சு. சாயங்காலத்துக்குள் அது ஒவ்வொன்றும் நாய் அளவு என்றாகிவிட்டது. பெற்றோர்கள் வண்டி வைத்துக்கொண்டு வந்து பிள்ளைகளைப் பெட்டி படுக்கையோடு, இல்லை, படுக்கையை விட்டுவிட்டுப் பெட்டியோடு மட்டும் அழைத்துப் போனார்கள்.

மறுநாள் கல்லூரி முதல்வர் பேராசிரியையையும் மருந்தண்ணனையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். பெரிய அறை, பெரிய மேஜை, அதைவிடப் பெரிய மெத்தை நாற்காலி. அதில் உட்கார்ந்து முதல்வர் குதித்தார்.

"நம்பர் காட்ட மூட்டைப்பூச்சி வண்டியா? போர்டுல எழுதிக் காட்டக்கூடாதா? என் விடுதி காலியாக் கெடக்கு! யோவ், நீ போயி ஒவ்வொரு ரூமாப் பாரு. பார்த்துட்டு ஒரு பூச்சிகூட இல்லைன்னு எல்லாருக்கும் முன்னாடி சொல்லு."

மருந்தண்ணன் போய்ப் பார்த்தார். டார்ச் அடித்து, மெத்தைகளைப் புரட்டி, கட்டில் சந்துகளில் குச்சி விட்டுப் பார்த்தார். விடுதி கண்ணாடி மாதிரி சுத்தம். ஒரு பூச்சிகூட இல்லை. திரும்பிவந்து முதல்வர் அறையில் அதைச் சொல்லும்போதுதான், தொழில்காரனின் கண் சும்மா இருக்காதே, முதல்வர் பேசுகிற பேச்சின் நடுவில் அடிக்கடி நெளிவதை அவர் கவனித்தார். இடது தொடை. பிறகு முதுகு. பிறகு மறுபடியும் இடது தொடை. கோபத்தில் நெளிகிறார் என்றுதான் மற்றவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

மருந்தண்ணன் மேஜையைச் சுற்றிப் போய் அவர் காதில் குனிந்தார்.

"சார், ரொம்ப நாளா இருக்கா?"

முதல்வரின் முகம் வெளுத்தது. அப்புறம் சிவந்தது. அப்புறம் பச்சைக் குழந்தை மாதிரி ஆகிவிட்டது. "பழைய நாற்காலிய்யா," என்றார் குரலைத் தாழ்த்தி. "எனக்கு முன்னாடி இருந்தவர் காலத்துது. யார்கிட்டயும் சொல்ல முடியல."

மருந்தண்ணன் நிமிர்ந்து, வாசலில் கூடியிருந்தவர்களைப் பார்த்து உரக்கச் சொன்னார்: "விடுதியில ஒன்னுமே இல்ல. சாரோட ஃபேன்தான் லேசா சத்தம் போடுது. அதை மட்டும் பார்த்துட்டு வந்துடறேன். எல்லாரும் கொஞ்சம் வெளிய இருங்க."

உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு நாற்காலிக்கு மருந்து அடித்தார். அடிக்கிற சத்தம் வெளியே கேட்டுவிடாமல் இருக்க, முதல்வரே மேஜைமேல் ஏறி நின்று ஃபேனைத் தட்டிக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு அந்த நம்பரைப் பற்றி யார் என்ன சொன்னாலும், "அற்புதமான எண்," என்று முதல்வர் ஒப்புக்கொள்வார்.

மாணவர்கள் எடுத்த படங்கள் எங்கெங்கோ போயின. வெளியூர்க் கணக்குப் பிரியர்கள் போன் செய்யத் தொடங்கினார்கள். பெரும்பாலோருக்குச் சொல்ல ஒன்றுமில்லை. அந்த நம்பரை ஒருமுறை சுழற்றி, மணி அடிப்பதைக் கேட்டாலே போதும் என்றார்கள். மருந்தண்ணனின் மனைவி போனை எடுத்ததும் கேட்கிற முதல் கேள்வியே மாறிப்போயிற்று.

"மூட்டைப்பூச்சியா, கணக்கா?"

கணக்கு என்றால், "கணக்குன்னா சாப்பாட்டுக்கு அப்புறம் கூப்பிடுங்க," என்று வைத்துவிடுவார்.

ஆனால் இதில் ஒரு நல்லதும் நடந்தது. மூட்டைப்பூச்சி வைத்திருக்கும் வீட்டுக்காரர்களுக்கு இப்போது சாக்குக் கிடைத்துவிட்டது. வண்டி வாசலில் நின்றால், "பசங்களுக்குக் கணக்கு சொல்லித் தர வந்திருக்கார்," என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டார்கள். அடுத்த தெருவில் நிறுத்தச் சொல்கிற வழக்கம் நின்றது. சந்தேகம் வராமல் இருக்க, மருந்தண்ணன் கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொண்டே, "ஏழு பகா எண்! எழுபத்துமூணு பகா எண்!" என்று ஜன்னல்வரை கேட்கிற மாதிரி கத்துவார். அந்த வீட்டுக் குழந்தைகள் திருப்பிக் கத்தும். ஒரு வீட்டில் பக்கத்து வீட்டுக்காரர் வந்து, என் பெண்ணும் கணக்கில் மந்தம், எங்கள் வீட்டுக்கும் வாருங்கள் என்றார். போய்ப் பார்த்தால், அவர் வீட்டிலும் மூட்டைப்பூச்சிதான்.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் டெலிபோன் கம்பெனி ஓர் அறிவிப்பு விட்டது. இணைப்புகள் பெருகிவிட்டதால் எல்லா நம்பருக்கும் இனி ஒன்பது எண்கள். பழைய நம்பரின் கடைசியில் இன்னோர் எண் சேரும். எந்த எண் வேண்டும் என்பதை வாடிக்கையாளரே வந்து சொல்லலாம்.

பேராசிரியை தலைக்கவசத்தோடு வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டார்.

"அண்ணே, எந்த எண்ணைச் சேர்த்தாலும் போச்சு! இதுதான் முட்டற இடம்னு அன்னிக்கே சொன்னேனே. பூஜ்யம், ரெண்டு, நாலு, ஆறு, எட்டு எல்லாம் ரெண்டால வகுபடும். அஞ்சு போட்டா அஞ்சால வகுபடும். ஒன்னோ ஏழோ போட்டா மூணால வகுபடும்."

"மூணும் ஒன்பதும் இருக்கே மேடம்?" என்றார் மருந்தண்ணன். இப்போது அவருக்கும் கொஞ்சம் பழகியிருந்தது.

"அதுவும் வகுபடும். ஆனா சின்ன எண்ணால இல்ல. கண்டுபிடிக்க கம்ப்யூட்டர்கிட்டதான் போகணும்."

மருந்தண்ணன் அன்று வேலைக்குப் போகவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். யாருக்கும் மசியாத நம்பர், இத்தனை நாள் தாங்கிய நம்பர், ஒரு கம்பெனிக்காரன் வாயால் ஊதிக் கெடுக்கப்போகிறான். மச்சினன் கால்மாட்டில் உட்கார்ந்து, "கொக்கியை வேணா மாத்திப் பார்க்கலாமா மாமா?" என்றான்.

நாலு பேருமாக டெலிபோன் ஆபீசுக்குப் போனார்கள். நீண்ட வரிசை. எல்லோரும் தங்களுக்குப் பிடித்த எண்ணுக்காக மல்லுக்கட்டிக்கொண்டிருந்ததால் கவுன்டர் அதிகாரிக்கு ஏற்கனவே தலைவலி.

"எங்களுக்கு எண்ணே வேணாம் சார்," என்றார் மருந்தண்ணன்.

"வேணாம்னா?"

"எட்டே போதும். இதுக்கு மேல தாங்காது."

"எது தாங்காது?"

பேராசிரியை முன்னால் வந்தார். ஏழு நட்டு, பன்னிரண்டு நட்டு என்று முதலிலிருந்து ஆரம்பித்தார். நட்டு இல்லாததால் அதிகாரியின் மேஜையில் இருந்த ரப்பர் ஸ்டாம்புகளை எடுத்துப் பரப்பினார். வரிசையில் பின்னால் நின்றவர்கள் எட்டிப்பார்த்தார்கள். ஒருவர், "அப்போ என் நம்பர் வகுபடுமா பாருங்க மேடம்," என்று நீட்டினார். அவருக்குப் பின்னால் இன்னொருவர். சற்று நேரத்தில் வரிசை அதிகாரியை விட்டுவிட்டுப் பேராசிரியையின் பக்கம் திரும்பிவிட்டது. தன் நம்பர் நாலால் வகுபடும் என்று தெரிந்த ஒரு பெரியவர், ஏதோ டாக்டர் கைவிரித்ததுபோல் பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

"ஏம்மா, ஸ்டாம்பைக் கொடுங்க!" என்று அதிகாரி அலறினார். "ஒன்பது எண் இல்லைன்னா இணைப்பே கிடையாது. சொல்லுங்க, என்ன வேணும்?"

மருந்தண்ணன் பேராசிரியையைப் பார்த்தார். பேராசிரியை தரையைப் பார்த்தார். அதுவரை பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மருந்தண்ணனின் மனைவி எழுந்தார்.

"ஏழு போட்டா எத்தனையால வகுபடும்னு சொன்னீங்க?"

"மூணால," என்றார் பேராசிரியை சுரத்தில்லாமல். "ஒன்பதாலயும் வகுபடும். எல்லா எண்ணையும் கூட்டினா நாப்பத்தஞ்சு வரும்."

"அப்போ அதையே போடுங்க சார்."

"ஏண்டி!" என்றார் மருந்தண்ணன்.

"பின்ன என்னங்க? இந்த வீட்ல மூணு பேரு. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து பார்க்கறேன், நீங்களும் இவனும் எதையாவது சமமாப் பிரிச்சுக்கிட்டது உண்டா? ஒரு பாக்கெட் பிஸ்கட்டுக்கு மூஞ்சியத் தூக்கி வச்சுக்கறீங்க. யாருக்கும் பிரியாத நம்பரை வச்சு நாம என்ன பண்றது? மூணு பேருக்கும் சமமா வர்ற நம்பர் ஒன்னாவது இருக்கட்டும்."

அதிகாரி இதற்குள் ஏழு என்று தட்டிவிட்டார். 739391337. மச்சினன் விரல் விட்டு எண்ணிப் பார்த்து, "ஆளுக்கு ரெண்டரைக் கோடி கிட்ட வருது மாமா," என்று காதில் சொன்னான்.

"சரியாப் போட்டா இருபத்துநாலு கோடிக்கு மேல வரும்," என்றார் பேராசிரியை. "ஒன்பது எண் ஆயிடுச்சு இல்ல?"

மச்சினன் இதைக் கேட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டான். ஆபீஸ் பியூன் அவனுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

வெளியே வந்ததும் பேராசிரியை கொஞ்சம் தெளிந்தார். கடைசி ஏழை மட்டும் கண்டுகொள்ளாமல் விட்டால் மற்றதெல்லாம் பழையபடிதான். ஏழு விழுந்த மறுகணமே நம்பர் தன் குணத்துக்குத் திரும்பிவிடும் என்று அவருக்குத் தோன்றியது. வண்டியின் இரண்டு பக்கமும் ஓவியரைக் கூப்பிட்டு ஏழைச் சேர்த்து எழுதினார்கள். மருந்தண்ணனுக்கு மனசு கேட்கவில்லை. அதை மட்டும் கொஞ்சம் சின்னதாக எழுதச் சொன்னார்.

கல்லூரிக் கணக்குத் துறையின் சுவரில் இப்போதும் ஒரு படம் மாட்டியிருக்கிறார்கள். வண்டிக்கு முன்னால் மருந்தண்ணன் இஸ்திரிச் சட்டையில், பக்கத்தில் தலைக்கவசத்தோடு பேராசிரியை, கண்ணை மூடிவிட்ட மனைவி, வலது ஓரத்தில் மச்சினன். மச்சினன் வண்டியில் சாய்ந்து நிற்பது ஸ்டைலுக்காக அல்ல. ஒன்பதாவது எண்ணை முதுகால் மறைக்கச் சொல்லி அவனை அங்கே நிறுத்தினார்கள். அவன் அதைக் கொடுத்த வேலையாகவே எடுத்துக்கொண்டு, வண்டி எங்கே நின்றாலும் போய் அந்த இடத்தில் சாய்ந்துகொள்கிறான். அதனால் புதிதாக நம்பரைக் குறித்துக்கொள்கிறவர்கள் எட்டு எண்ணோடு விட்டுவிடுகிறார்கள், போன் வருவதில்லை.

"டேய், நகருடா," என்று வீட்டு வாசலில் நின்று அக்கா கத்துவார். "சொறிஞ்சிக்கிட்டு இருக்கறவன் எப்படிடா கூப்பிடுவான்?"

"கணக்கு கெட்டுடும்க்கா," என்பான் அவன், அசையாமல்.